அழக்கூடாத கண்

பொய் சொல்வது பெரிய வித்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதையே சொல்லிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். வரதன் வீட்டில் அந்தக் கஷ்டம் இளையவன் லோகேஷின் தலையில் விழுந்து ஆறேழு மாதம் ஆகிறது.

வாரம் தவறாமல் படித்து வருகிறவர்களுக்கு இது பழைய சங்கதி. இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

லைட்ஹவுஸ் குப்பத்து வரதனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில் ஒரு கண் போனது. மிச்சமிருந்த கண்ணை வைத்துக்கொண்டுதான் கடலுக்குப் போனார், கல்யாணம் கட்டினார், மூன்று பிள்ளைகளை வளர்த்தார். போன வருஷம் வலை இழுக்கும்போது கயிற்று நுனியிலிருந்த இரும்பு வளையம் தெறித்து அந்தக் கண்ணிலும் அடித்தது. கருவிழி கிழிந்து, உள்ளே இருந்த லென்ஸும் சிதைந்துவிட்டது.

சென்னை ஆஸ்பத்திரியில் சிதைந்ததை எடுத்துப் போட்டார்கள். தை மாதம், செத்துப்போன யாரோ ஒருவருடைய கருவிழியை வாங்கி இவருக்கு வைத்துத் தைத்தார்கள். அது நன்றாக ஒட்டி ஆறிய பிறகுதான் உள்ளே செயற்கை லென்ஸ் வைக்க முடியும் என்றார்கள். அதுவரைக்கும் வெளிச்சம் தெரியும், ஆள் வந்து நின்றால் நிழலாகத் தெரியும். முகம் தெரியாது.

கடற்கரை மணலும் உப்புக்காற்றும் ஆகாது என்று, பழவேற்காடு ஏரிப் பக்கம் தோணிரேவில் இருக்கும் மகள் செவ்வந்தி வீட்டில் அவரைக் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்த மாதமே மூத்தவன் ரஞ்சித் போன படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். ரஞ்சித்தை மறுநாள் அலை ஒதுக்கியது.

வரதன் பெண்டாட்டி மனோரமா மணலில் புரண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே திடீரென்று எழுந்து உட்கார்ந்து, அவருக்குத் தெரியக்கூடாது என்றாள். கண்ணில் தண்ணீர் படவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெற்ற பிள்ளை போய்விட்டான் என்று கேட்டால் எந்தத் தகப்பன் கண்ணில் தண்ணீர் வராமல் இருக்கும்? பிள்ளைதான் போனான், கண்ணாவது மிஞ்சட்டும் என்று அவள் நினைத்தாள்.

ஊர்த் தலைவர் பெரியசாமி பஞ்சாயத்தைக் கூட்டிக் கட்டுப்பாடு போட்டார். குப்பத்து ஆள் ஒருவரும் தோணிரேவுக்குப் போய் வரதனிடம் வாய் திறக்கக் கூடாது. குப்பத்தில் கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதான். ஊர் வம்பெல்லாம் பேசித் தீர்க்கிற கோவிந்தம்மாகூட இந்த ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

ரஞ்சித் ஒப்பந்தத்தில் பஹ்ரைனுக்கு மீன்பிடி போட்டு வேலைக்குப் போய்விட்டான் என்று வரதனிடம் சொன்னார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே என்று அவர் சோறு தின்னாமல் கிடந்தார். வேறு வழி தெரியாமல் மனோரமா லோகேஷின் கையில் போனைத் திணித்தாள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல். வாசலில் நின்று அம்மா என்று கூப்பிட்டால் வந்தது யாரென்று அவளுக்கே தெரியாது.

அண்ணனுக்குக் கொள்ளி வைத்த கையால் லோகேஷ் போனை எடுத்து, "நைனா, நான் ரஞ்சித்து பேசுறேன்" என்றான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவன் ஏரிக்கரையில் நின்று பஹ்ரைனிலிருந்து பேசினான். ரஞ்சித்தின் பெண்டாட்டி கீதா மாமனாரைப் பார்க்க வரும்போதெல்லாம் செவ்வந்தியின் கண்ணாடி வளையல்களை வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். வளையல் சத்தம் கேட்டால்தானே அவருக்குச் சந்தேகம் வராது. திரும்பும்போது வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவாள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

நேற்று வரதனுக்கு லென்ஸ் வைத்தாயிற்று. இன்று காலை கட்டுப் பிரிக்கிறார்கள்.

டாக்டர் இளம்பெண். பஞ்சை மெதுவாக எடுத்துவிட்டு, அவசரப்படாமல் திறக்கச் சொன்னாள். வரதன் திறந்தார். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். டாக்டர் காட்டிய விரல்களை எண்ணினார். அவளுடைய சட்டைப் பையில் இருந்த பேனாவின் நிறத்தையும் யாரும் கேட்காமலே சொன்னார்.

இன்னும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், போகப் போகத் தெளியும், பிறகு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. திரும்பி மனோரமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இப்டி எளச்சுட்ட? கண்ணு போனது எனக்கா, உனக்கா?"

மனோரமா சிரிக்கப் பார்த்தாள். தலை பாதி நரைத்துவிட்டதே என்றார் அவர். என்னைப் பார்த்துக்கொள்வதிலேயே உன்னை மறந்துவிட்டாயா என்று, பக்கத்தில் டாக்டர் இருப்பதையும் பொருட்படுத்தாமல் அவள் கன்னத்தைத் தொட்டார். இந்த முகத்தை இவ்வளவு சந்தோஷமாகப் பார்க்கத்தான் அவள் அத்தனை பொய்யும் சொன்னாள். பார்த்தபோது அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அடுத்து அவர் லோகேஷைத் தேடினார். கதவோரம் நின்றவனைக் கண்டதும் சொன்னார்:

"அண்ணனுக்குப் போனு போடுறா. வீடியோல போடு. மூஞ்சப் பாத்துப் பேசி எவ்ளோ நாளாவுது."

அண்ணன் இப்போது கடலில் இருப்பான், அங்கே டவர் கிடைக்காது, சாயங்காலம் போடலாம் என்று லோகேஷ் ஏதோ சொன்னான். சரி, சாயங்காலம் என்றார் வரதன். சாயங்காலம் என்றதும் இன்னொன்றும் சொன்னார். மகள் வீட்டுக்கெல்லாம் இனி வரமாட்டேன், நேராகக் குப்பத்துக்கு விடு, என் வீட்டில் உட்கார்ந்து பிள்ளையோடு பேசிக்கொள்கிறேன், புருஷனை அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற மருமகளையும் பார்த்தது போல ஆகும்.

லோகேஷ் வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தான்.

அவனுக்கு அம்மாவுக்கும் தெரியாத ஒரு பாரம் இருந்தது. அன்றைக்கு வலைக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தது அவன்தான். கை நழுவியது. கயிறு போன வேகத்தில்தான் வளையம் தெறித்தது. அலை அடித்ததில் கயிறு போய்விட்டது என்றுதான் வரதன் ஊர் முழுக்கச் சொன்னார். அவன் கையைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நைனாவுக்குத் தெரியாது என்று லோகேஷ் நம்பியிருந்தான்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், ரஞ்சித்தாகப் பேசிக்கொண்டிருந்தபோது, வரதன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"உன் தம்பிதான்டா கைய விட்டான். எனக்குத் தெரியும். அவனாண்ட சொல்லிடாத, தாங்க மாட்டான். ஆனா உன்னாண்ட சொல்றதுக்கு இன்னா? அவன் பேசறதக் கேட்டாலே எனக்குக் கண்ணு வலிக்குது."

சரி நைனா, சொல்லமாட்டேன் என்று லோகேஷ் ரஞ்சித்தாகவே பதில் சொல்லிப் போனை வைத்தான். அதற்குப் பிறகு தோணிரேவு வீட்டுக்குப் போனால் வாயே திறப்பதில்லை. சோறு போட்டால் தின்பான், கை பிடித்து அழைத்துப் போகச் சொன்னால் போவான். தம்பி ஏன் ஊமையாகிவிட்டான் என்று செவ்வந்தி கேட்டாள். யாரிடம் சொல்வது?

உள்ளே, மருந்து விடும் முறையை டாக்டர் மனோரமாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, மனோரமா டாக்டரின் பின்னாலேயே வெளியே வந்தாள். அத்தனை மாதமும் மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"டாக்டரம்மா, லென்சுதான் வெச்சாச்சே. இனிமே அவரு அழுவலாமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. எப்போது அழக்கூடாது என்று சொன்னோம் என்று கேட்டாள். தண்ணீர் படக்கூடாது என்றீர்களே என்றாள் மனோரமா.

"அது குளிக்கிற தண்ணி, குழாய்த் தண்ணிம்மா. வெளித் தண்ணியில அழுக்கு இருக்கும், சீழ் பிடிச்சிரும். சொந்தக் கண்ணீர் கண்ணை ஒண்ணும் பண்ணாது. கையை வச்சுக் கசக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"அப்போ... தையில வெச்சீங்களே, அந்தக் கண்ணு? அப்போ அழுதிருந்தா?"

"அப்பவும் ஒண்ணும் ஆயிருக்காது. ஏம்மா?"

மனோரமா ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ஒரே ஒரு கேள்வி. மாசி மாதத்தில் கேட்டிருந்தால் மாசியிலேயே பதில் வந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு மட்டுமா, பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே பிழைக்கிற ஜனங்கள், கண்ணீரும் தண்ணீர்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ரஞ்சித்தின் முகத்தைத் தகப்பன் கடைசியாகத் தடவிப் பார்த்திருக்கலாம். தலைமாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதிருக்கலாம். எல்லாவற்றையும் அவள்தான் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள், அதுவும் ஒன்றுமில்லாததற்கு.

பெஞ்சில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"அப்போ நான் பேசியிருக்கவே வேண்டியதில்லயாம்மா?" என்று மட்டும் கேட்டான் லோகேஷ்.

மீன் ஏற்றும் குட்டியானை வண்டியை நேற்றே நன்றாகக் கழுவிக் கொண்டுவந்திருந்தான் லோகேஷ். முன்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஜன்னல் ஓரம் வரதன், கறுப்புக் கண்ணாடியோடு. நடுவில் மனோரமா. பழவேற்காடு போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அம்மாவும் மகனும் ஆஸ்பத்திரிப் படியில் பேசி முடித்திருந்தார்கள். பாலம் தாண்டினால் குப்பம். குப்பத்தில் கீதா இருக்கிறாள், நெற்றியில் ஒன்றும் இல்லாமல்.

மீஞ்சூர் வந்தது. சொல்லவில்லை.

வரதன் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார். எழுத்து கலங்கித் தெரிந்தாலும் விடவில்லை. பெரிய எழுத்தைப் படித்துவிட்டுச் சின்ன எழுத்தை மனோரமாவிடம் கேட்டார். காட்டூர் வயல்களைப் பார்த்து, இந்த வருஷம் நாற்று நன்றாக வந்திருக்கிறது என்றார். வயலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பச்சையைப் பார்த்த சந்தோஷம், அவ்வளவுதான். அதைக் கெடுக்க மனோரமாவுக்கு வாய் வரவில்லை. காட்டூரும் போயிற்று.

பழவேற்காடு கடைத்தெருவைத் தாண்டும்போது அவராகப் பேச ஆரம்பித்தார்.

கண் கொடுத்த அந்த ஜீவனைப் பற்றித்தான். யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, ஆஸ்பத்திரியில் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆடி அமாவாசைக்கு அந்தப் பேர் தெரியாத ஆளுக்கு ஓர் இலை போடச் சொல்லி வரதன் பிடிவாதம் பிடித்தார். மனோரமா போட்டாள். சோறும், அமாவாசை என்றும் பாராமல் இறால் தொக்கும் வைத்தாள். அது ரஞ்சித்துக்குப் பிடித்ததாயிற்றே என்று கேட்காமல், அவர் அந்த இலைக்கு முன்னால் கும்பிட்டு நின்றார். அடுப்பங்கரைக்குள் போய் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இப்போது அவர் சொன்னார்:

"யாரு பெத்த புள்ளையோ. பொணத்த நடு வூட்ல வெச்சிக்கினு, கண்ண எடுத்துக்கோன்னு சொல்றதுக்கு எவ்ளோ பெரிய மனசு வோணும். நம்ம வூட்ல அப்டி ஒண்ணு நடந்தா, நாம குடுப்பமாடி?"

"வண்டிய நிறுத்துடா" என்றாள் மனோரமா.

பாலம் ஏறுவதற்குச் சற்று முன்னால், ஓரமாக லோகேஷ் நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

மனோரமா புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததில் ஒன்றுகூட வரவில்லை.

"நம்ம ரஞ்சித்து இல்லய்யா. மாசி மாசமே பூட்டான். முகத்துவாரத்துல போட்டு கவுந்துச்சு."

வரதன் அவளையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அலை ஒதுக்கியதை, ஊர் கட்டுப்பாடு போட்டதை, கண்ணில் தண்ணீர் பட்டால் வைத்த கண் போய்விடும் என்று தான் நினைத்ததை, காலையில் டாக்டர் சொன்னதை. என்னை அடி, வெட்டு, நான்தான் செய்தேன் என்றாள்.

"யாரு கொள்ளி வெச்சது?"

"லோகேஷுதான்."

வரதன் தலையை ஆட்டினார். கேட்ட கணக்கு சரியாக இருக்கிறது என்பது போல ஆட்டினார். முகத்தில் ஒன்றுமே இல்லை. அதைத்தான் மனோரமாவால் தாங்க முடியவில்லை.

"அழுய்யா" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழுவலாமாம். ஒண்ணும் ஆவாதாம். அழுதுடுய்யா."

அவருக்கு அழுகை வரவில்லை. ஊரே அழுது ஓய்ந்த சாவுக்கு இப்போது போய் எங்கிருந்து தொடங்குவது? அவர் மனசு இன்னும் அந்தச் சாவுக்கே வந்து சேரவில்லை.

"போன ஞாயித்துக்கெழம பேசினான்டி" என்றார். "என்னாண்ட பேசினான். ஆப்பரேசனுக்கு பயப்படாத நைனான்னு சொன்னான். அதனாலதான் நான் பயப்படல."

மனோரமா மகனைப் பார்த்தாள்.

அவர் மெதுவாக அவளைத் தாண்டி லோகேஷ் பக்கம் திரும்பினார். இந்தக் கண்ணால் அவனை இவ்வளவு கிட்டத்தில் இப்போதுதான் பார்க்கிறார். கன்னம் ஒட்டிப்போய், தாடி வளர்ந்து, அண்ணன் வயது சொல்லும்படி ஆகிவிட்ட பிள்ளை. முகம் அண்ணன் முகம் இல்லை. குரல் மட்டும்தான்.

"நீயாடா?"

"ஆமா நைனா" என்று சொல்லத்தான் லோகேஷ் வாயெடுத்தான். வரவில்லை.

வரதன் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வருவது முகத்தில் தெரிந்தது. ஏதோ ஒன்றில் வந்து நின்றது.

"அப்போ ஆடியில நான் சொன்னதையும் நீதான் கேட்டியா?"

எது என்று மனோரமாவுக்குப் புரியவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நைனாவிடம் எதையும் வாயால் சொன்னால்தான் உண்டு என்று பழகிப்போன வீடு அது. தலையாட்டினால் அவருக்குத் தெரியாது. அந்த நினைப்பில்தானோ என்னவோ, லோகேஷ் குனிந்தபடி தலையை மட்டும் ஆட்டினான்.

வரதன் அதைப் பார்த்துவிட்டார்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கறுப்புக் கண்ணாடி இருக்கையிலேயே கிடந்தது. பாலத்தின் மேல் குப்பத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். எதிரே சைக்கிளில் வந்தவன் அவரைப் பார்த்ததும், கட்டுப்பாடு நினைவுக்கு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

"போடா" என்று மனோரமா மகனைத் தள்ளினாள். "காத்து அடிக்குது. போயி நைனாவக் கூப்புடு."

லோகேஷ் இறங்கிப் பாலத்தின் முனை வரைக்கும் ஓடினான். அங்கே நின்றுவிட்டான். கூப்பிட்டால் அது எந்தப் பிள்ளையின் குரலாக நைனாவின் காதில் விழும் என்று அவனுக்குத் தெரியவில்லை.